‘என்னவென்றால்’ என்ற இடத்தில் நின்றுபோன அத்தியாயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்த ஒருவர், கவனம் நிற்கவில்லை என்ற புகாரோடு ஆரம்பித்து, ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான். பெயர், ஊர், பல்கலைக்கழகம் எதுவும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். இதில் நானும் ஒரு தப்பு செய்தேன், அதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நாற்பதைத் தொட்டவர். பகலில் முழுநேர வேலை, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு. நிலத்தடி நீர் எப்படி உவர்ப்பாகிறது என்பதுதான் பொருள். கிணறுகளிலிருந்து இரண்டு பருவங்களில் எடுத்த நீர் மாதிரிகள், ஆய்வக அளவீடுகள், வரைபடங்கள் எல்லாமே கைவசம் இருந்தன. முதல் மூன்று அத்தியாயங்களை ஒன்பது மாதத்தில் முடித்துவிட்டார். நான்காவதுதான் 14 மாதமாக அசையவில்லை. முடிவுகளும் அவற்றுக்கான விளக்கமும் வரவேண்டிய அத்தியாயம் அது. கடைசி நீட்டிப்பாக ஆறு மாதம் தருகிறோம், அதற்கு மேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்திலேயே சொல்லிவிட்டது.

நான் அவருக்குச் சில வருடங்கள் முன்னால் அதே துறையில் ஆய்வை முடித்தவள். வழிகாட்டி எல்லாம் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவார், நான் வா போ என்றுதான் பேசுவேன். நீட்டிப்புக் கடிதம் வந்த அன்றைக்குப் போன் செய்தார். "அக்கா, நாலு மணி நேரம் உட்கார்ந்தேன், நாலு வரி வரல. இந்தப் போனை எடுத்துச் சுவத்துல அடிச்சிடலாமான்னு இருக்கு."

நோயையும் அவரே கண்டுபிடித்து, மருந்தையும் அவரே எழுதிக்கொண்டுதான் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் போன். அன்றைக்கு நானும் அதை அப்படியே நம்பினேன்.

முதல் நாள் கண்டது

ஒரு சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய், அவர் எழுதும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் மூலையில் மேசை. லேப்டாப்பில் எண்ணவே முடியாத அளவுக்கு டேப்கள். விசைப்பலகைக்கு இடது பக்கம் போன், கவிழ்த்து வைத்தபடி. வீட்டில் அவருடைய அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள்.

அரை மணி நேரத்தில் மகள் இரண்டு முறை வந்தாள், ஒருமுறை ரப்பர் கேட்டு, ஒருமுறை சும்மா. உள்ளே இருந்து அம்மா ஒரு கேள்வி கேட்டார், இவர் "ஆங், சரிம்மா" என்றார், என்ன கேட்டார் என்று இவருக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. போனை மட்டும் ஏழெட்டு முறை திருப்பிப் பார்த்தார். அதில் விசேஷம் என்னவென்றால் அந்த நேரத்தில் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை, அதிரவில்லை, எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். மகள் ரப்பர் கேட்டது இருபது வினாடிகூட இருக்காது, ஆனால் அவள் போனபிறகு இவர் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, பக்கத்தின் மேல்வரிக்குப் போய் முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். இது அவருடைய தனிப்பட்ட பலவீனம் ஒன்றும் இல்லை. எரிக் ஆல்ட்மன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட பரிசோதனையில், வரிசை மாறாமல் செய்யவேண்டிய ஒரு வேலையின் நடுவே மூன்று வினாடிகூட ஆகாத குறுக்கீடு வந்தாலே, அடுத்து எந்தப் படி என்பதில் வரும் பிழைகள் இரட்டிப்பானதைக் காட்டினார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் ஒரு பகுதி மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதை 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார், கவனத்தின் எச்சம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். குறுக்கீடு எவ்வளவு நேரம் என்பது மட்டும் விஷயமில்லை, எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதும் விஷயம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என் கண் போனை விட்டு அகலவில்லை.

முதல் முடிவு: போனைப் பூட்டி வைப்பது

இது என் யோசனை. எழுத உட்காரும்போது போனை அணைத்து, படுக்கையறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். லேப்டாப்பில் இணையத்தையும் துண்டிக்க வேண்டும். மேசைமேல் சும்மா கிடக்கும் போன்கூட மூளையின் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்து மிகவும் பேசப்பட்டது, அதுதான் என் மனதில் இருந்தது. பின்னால் செய்த மறுசோதனைகள் சிலவற்றில் அந்த விளைவு தென்படவில்லை என்பதை நான் அப்புறம்தான் படித்தேன்.

ஒன்பது நாள் ஓடியது. முதல் இரண்டு நாள் உற்சாகமாக இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து என்ன செய்தார் என்பதை அவர் பின்னால் சொன்னார்: வரைபடங்களின் நிறங்களை மாற்றியிருக்கிறார், கோப்புகளுக்கெல்லாம் ஒரே மாதிரியில் புதுப் பெயர் வைத்திருக்கிறார், துணைநூல் பட்டியலில் காற்புள்ளி எங்கே அரைப்புள்ளி எங்கே என்று இரண்டு இரவு முழுக்கப் பார்த்திருக்கிறார், அட்டவணைகளின் எண்களைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சீர்செய்திருக்கிறார். எல்லாமே என்றைக்காவது செய்யவேண்டியவைதான், அதனால்தான் குற்றவுணர்ச்சியும் வரவில்லை. வேலை வேஷம் போட்டு வந்த கவனச்சிதறல். போன் பார்த்தால் நேரம் வீணாகிறது என்றாவது தெரியும், இதில் அதுகூடத் தெரியாது. ஒன்பது நாளில் புதிதாக எழுதியது முக்கால் பக்கம்.

பத்தாவது நாள் ஒரு சனிக்கிழமை. மகள் விளையாட்டுப் பயிற்சிக்குப் போன இடத்தில் கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. பயிற்சியாளர் இவருக்கு ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார், போன் அலமாரிக்குள். மனைவி அப்போது வேலையிடத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார், அவரும் எடுக்கவில்லை. குழந்தை ஒன்றரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்பு முறிவு இல்லை, பத்து நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிரவு அவர் மனைவி என்னிடம் பேசியபோது, "அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, ஆனா இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவசரத்துக்கு யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யோசிக்காமல் ஒரு கதவைச் சாத்தச் சொன்னது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை, கவனத்தை எது இழுக்கிறது என்று எண்ணிப் பார்க்காமலேயே எதைத் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

நோட்டு

சாவி திரும்ப வந்தது, போன் மேசைக்கு வந்தது. இந்தமுறை எதையும் தடுக்க வேண்டாம், எழுதி மட்டும் வை என்றேன். மகளின் பழைய நோட்டு ஒன்று, பின்பக்கம் காலியாக இருந்தது. மூன்று பத்தி போட்டோம்: எத்தனை மணி, எது இழுத்தது, எப்போது திரும்பினேன். இரண்டு வாரம்.

இதில் ஒரு நல்ல விபத்து நடந்தது. இடையில் போய்விட்டுத் திரும்பும்போது இடம் தொலைகிறதே என்று, எழுந்து போவதற்கு முன் எந்த வரியில் இருந்தேன் என்பதை ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைக்க ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது. கடைசியில் நான் போட்டுக்கொடுத்த மூன்று பத்தியைவிட அந்தப் பென்சில் ஓரம்தான் உதவியது.

இரண்டு வாரம் கழித்து நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகள், அம்மா, அழைப்புமணி, அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு என்று வெளியிலிருந்து வந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாமே இவராக எழுந்தது, இவராகப் போனை எடுத்தது, இவராக எதையோ தேடப் போனது. அது எனக்கு ஓரளவு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பென்சில் கிறுக்கல்கள். மூன்றாம் பகுதி எழுதும்போது ஒரு சிதறல்கூட இல்லாமல் ஐம்பது நிமிடம் ஓடியிருக்கிறது. அளவீட்டு முறை பற்றி எழுதியபோதும் அப்படியே, அதே கூடம், அதே மகள், அதே போன். ஆனால் ஓரத்தில் 'பருவ ஒப்பீடு' என்ற கிறுக்கல் மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது.

"அந்த இடத்தைக் காட்டு" என்றேன். லேப்டாப்பைத் திருப்பினார். ஒரு பத்தி, அதன் கடைசி வரி இது: 'இவ்விரு பருவங்களின் அளவீடுகளையும் ஒப்பிடுகையில் தெரியவருவது என்னவென்றால்'. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னவென்றால்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "தெரியலக்கா" என்றார்.

கடலோரக் கிணறுகளில் மழைக்குப் பிறகு உவர்ப்பு குறையும் என்றுதான் அவருடைய முன்மொழிவு முழுக்க எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலான கிணறுகளில் அப்படித்தான் இருந்தது. நான்கு கிணறுகளில் மட்டும் மழைக்குப் பிறகு கூடியிருந்தது. மாதிரி எடுத்ததில் தப்பா, மண்ணில் படிந்திருந்த உப்பு மழைநீரோடு கரைந்து இறங்கியதா, அல்லது தன் அடிப்படையே தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று வழிகாட்டியிடம் சொல்லப் பயம். 14 மாதமாக ஒவ்வொரு முறையும் அந்த 'என்னவென்றால்' வரைக்கும் வந்திருக்கிறார், அங்கே கை தானாக இடது பக்கம் போயிருக்கிறது. போன் வந்து அவர் கவனத்தைக் கலைக்கவில்லை. கவனம் நிற்க இடமில்லாத இடத்தில் அவர்தான் போனைத் தேடிப் போயிருக்கிறார்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே சத்தத்திலும் கூட்டத்திலும் வேலை செய்து தலை வெடித்துப் போகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்குக் கதவைச் சாத்துவதுதான் மருந்து. இவருக்கு அது இல்லை.

இரண்டாவது முடிவு

மூன்று விஷயம் செய்தோம், மூன்றும் ஒரே அளவுக்கு வேலை செய்யவில்லை.

முதலாவது, அந்த வரியை உள்ளபடியே முடிப்பது. 'நான்கு கிணறுகளில் எதிர்மாறான போக்கு காணப்படுகிறது. இதற்கான காரணம் உறுதியாகவில்லை. சாத்தியமான மூன்று விளக்கங்கள் பின்வருமாறு.' இதை நான் எழுதித் தரவில்லை, வாயால் சொல் என்றேன், அவர் சொன்னதை அவரே தட்டச்சு செய்தார். நாற்பது நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. மறுநாளே வழிகாட்டிக்கு அதை அனுப்பச் சொன்னேன். அனுப்ப நான்கு நாள் எடுத்துக்கொண்டார். பதில் ஒரே நாளில் வந்தது: அந்த நான்கு கிணறுகளின் ஆழத்தையும் மண் அடுக்கையும் ஒருமுறை பார், இதுதான் உன் ஆய்வேட்டில் சுவாரசியமான பகுதியாக இருக்கலாம் என்று. 14 மாதம் பயந்தது இந்தப் பதிலுக்கு.

இரண்டாவது, ஒவ்வொரு நாளும் எழுந்து போகும்முன் நாளைக்குத் தொடங்கவேண்டிய ஒரே ஒரு வேலையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி விசைப்பலகை மேல் வைப்பது. 'அத்தியாயம் 4 தொடர்க' என்றெல்லாம் எழுதினால் கிழித்துப் போடு என்று சொல்லியிருந்தேன். '7-ஆம் கிணற்றின் ஆழத்தை அட்டவணையில் சேர்த்து, அதைப் பற்றி இரண்டு வரி' என்ற மாதிரி இருக்க வேண்டும். எழுதும்போது நடுவில் ஞாபகம் வரும் மற்ற வேலைகளுக்கும், கட்டணம் கட்டணும், யாருக்கோ பதில் போடணும் மாதிரியானவற்றுக்கு, இன்னொரு காகிதம். அதில் வேலையை மட்டும் எழுதினால் போதாது, எப்போது செய்வேன் என்றும் எழுத வேண்டும். முடிக்காத வேலைகள் மனதில் அரித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்கு ஒரு திட்டவட்டமான ஏற்பாடு செய்துவிட்டாலே, வேலையை முடிக்காமலேயே அந்த அரிப்பு அடங்குகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் காட்டினார்கள். இவர் விஷயத்தில் அது நன்றாகவே பலித்தது. நோட்டில் 'எதையோ தேடப் போனேன்' என்ற வரி கிட்டத்தட்ட காணாமல் போனது.

மூன்றாவது, வீட்டுக்கு ஒரு விதி. இதில் மகளையும் கலந்து பேசினோம், அவளுக்கு விமானம் என்றால் உயிர். 1974-ல் அமெரிக்காவில் ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும் நேரத்தில் விமானிகள் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்து, உயரத்தைக் கவனிக்காமல், ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதியது. அந்த மாதிரியான விபத்துகளுக்குப் பிறகு 1981-ல் அங்கே ஒரு விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், விமானி அறையில் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது. மேலே போய்ச் சமமாகப் பறக்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனக்கு இந்த விதியில் பிடித்ததே அதுதான், பயணம் முழுக்க வாயை மூடு என்று சொல்லவில்லை. இவர் வீட்டில் அது இப்படி ஆனது: எழுத உட்கார்ந்த முதல் இருபது நிமிடமும் எழுந்திருக்கும் முன் பத்து நிமிடமும் யாரும் பேசக்கூடாது, நடுவில் தேவைக்குப் பேசலாம். நாற்காலியின் பின்னால் மகள் ஒரு அட்டை மாட்டினாள், ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. போன் மேசையிலேயே இருந்தது, நான்கு எண்கள் மட்டும் சத்தம் வரும்படி: மனைவி, அம்மா, பள்ளி, பயிற்சியாளர்.

மகள் விதியை அவரைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு அட்டை இருக்கும்போது அவரே போனைத் தொட்டால், "அப்பா, இன்னும் பத்தாயிரம் அடி வரல" என்று அறையிலிருந்து கத்துவாளாம். அது விதிமீறல்தான் என்றாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மாவிடம் இந்த விதி எடுபடவில்லை. அவருக்கு ஏதாவது தோன்றினால் அப்போதே சொல்லியாக வேண்டும். முதல் வாரம் மகன் எரிந்து விழுந்தார், அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நோட்டைத் திரும்பப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது, அம்மா கூப்பிடுவது பெரும்பாலும் எட்டிலிருந்து எட்டரைக்குள். பகல் முழுக்கத் தனியாக இருந்துவிட்டு, மகன் வீட்டுக்கு வந்தபிறகு பேச ஒரு ஆள். எழுத உட்காரும் நேரத்தை எட்டிலிருந்து எட்டே முக்காலுக்குத் தள்ளிவிட்டு, அந்த முக்கால் மணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உள்ளே இருந்து கேள்வி வருவது தானாகவே குறைந்தது. எழுதும் நேரம் போய்விடுமோ என்று நான்தான் கவலைப்பட்டேன், போகவில்லை.

அப்புறம் நடந்தது

சீராகப் போகவில்லை. ஆறாவது வாரத்தில் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு வேலை வந்து பன்னிரண்டு நாள் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் முன்பெல்லாம் அப்படி ஒரு இடைவெளி விழுந்தால் திரும்ப உள்ளே வர மூன்று நாள் ஆகும். இந்தமுறை விசைப்பலகை மேல் காகிதம் காத்துக்கொண்டிருந்தது, '11-ஆம் கிணற்றின் மண் அடுக்குப் படத்துக்குத் தலைப்பு எழுது' என்று. பதிமூன்றாம் நாள் இரவு தலைப்பை எழுதினார், அப்படியே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நான்கு கிணறுகளில் மூன்றுக்கு விளக்கம் கிடைத்தது. ஆழம் குறைவு, மேல்மண்ணில் உப்புப் படிவு. நான்காவதுக்குக் கிடைக்கவில்லை, காரணம் உறுதியாகவில்லை என்றே விட்டுவிட்டார். நீட்டிப்பு முடிய பதினொரு நாள் இருக்கும்போது சமர்ப்பித்தார். தேர்வாளர்களில் ஒருவர் ஒப்பீட்டுப் பகுதியில் ஒரு பிரிவைத் திருத்தச் சொன்னார், இன்னொருவர் அந்த நான்கு கிணறுகளைப் பற்றி மட்டும் வாய்மொழித் தேர்வில் அரை மணி நேரம் கேட்டார். பட்டம் வந்துவிட்டது.

இப்போது செய்வதானால்

போனைப் பூட்டுவதில் ஆரம்பிக்க மாட்டேன். கவனம் நிற்கவில்லை என்று யாராவது வந்தால், கடைசியாக எழுதிய வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று பார்ப்பேன். நோட்டில் முதல் நாளிலிருந்தே நான்காவது பத்தி ஒன்று இருக்கும், எதன் நடுவில் இருந்தேன் என்று. எதையாவது தடுப்பதானால் அதற்கு முன் அவசரத்துக்கான வழியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தடுப்பேன்.

வழிகாட்டிக்கு அனுப்ப அவர் எடுத்துக்கொண்ட அந்த நான்கு நாளையும் நான் சும்மா விட்டிருக்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அனுப்ப வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் பேசினேன். ஆய்விலிருந்து ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறாராம். துண்டுக் காகிதப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, போன் பழையபடி இடது பக்கம், நிறைய டேப்கள். "மூணு நாளா முன்னுரை நகரல அக்கா" என்றார். எந்த வரியில் நிற்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இருங்க, அதை எடுத்துட்டு வரேன்" என்று போனை வைத்தார்.